இரண்டாவது பாட்டில்

புளியரைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
முந்நூறு அடி தள்ளி என் பஞ்சர் கடை.
வாசலில் ஒரு கரும்பலகை.
மூடிய பள்ளிக்கூடத்து ஏலத்தில்
நூற்றிருபது ரூபாய்க்கு வந்தது.
மேல் மூலையில் 'பதிவு', 'வருகை' என்ற
வெள்ளைப் பெயிண்ட் இன்னும் போகவில்லை.

தினமும் அதில் நாலு வரி எழுதுவேன்.
நின்று படிக்கிறவருக்கு ஒரு கொட்டை
ஹார்லிக்ஸ் பாட்டிலில் விழும்.
நம்ம ஊர் வண்டிக்குப் புளியங்கொட்டை,
அந்தப் பக்கத்து வண்டிக்குக் குன்றிமணி.
ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுச்
சாக்கில் கொட்டி எண்ணுவேன்.

முதல் மாதம் எனக்குத் தோன்றியதை எழுதினேன்.
டியூபுக்குள் இருக்கிற காற்று
எந்த ஊர்க் காற்று, யாருக்குத் தெரியும்,
இந்த மாதிரி.
நாளைக்கு ஏழு கொட்டை.
அதில் மூன்று, ஒதுங்க வருகிற
சாவடிக் காவலர் ராயப்பன்.

பிறகு கொட்டைகள் பேச ஆரம்பித்தன.
எஸ் வளைவில் லாரி சாய்ந்திருக்கிறது: எண்பது.
ஆரியங்காவில் மூடுபனி: அறுபத்திரண்டு.
செங்கோட்டைச் சந்தையில் சின்ன வெங்காய விலை:
முப்பத்தைந்து, முக்கால்வாசி சிவப்பு.
அருவியில் தண்ணீர் என்றால்
வெள்ளிக்கிழமை பாட்டிலே சிவந்துவிடும்.
ஆறு வரிக்கு மேல் போனால்
கிளட்சை விட்டுவிடுகிறார்கள்.
வைக்கோல் லாரிகள் வரும் நேரம் பார்த்து
விடியக்காலை நாலரைக்கே எழுத ஆரம்பித்தேன்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.

கொழுந்தன் சைலப்பன் சொன்னான்:
"மதினி, மூணு மணிக் குலுக்கல் நம்பரைப் போடு.
பாட்டில் பத்தாது, டிரம் வாங்கணும்."
போட்டேன்.
இருநூற்றுப் பதினான்கு.
கடைசி நாலு எண்ணைப் பார்த்தார்கள்,
நெற்றியைத் துடைத்தார்கள், போனார்கள்.
ஒருத்தன் டயரை உதைத்தான். என் டயரை.
ஒரு பஞ்சர் இல்லை,
'காத்து பாரும்மா' என்று ஒரு குரல் இல்லை.
ராத்திரி குவியலைக் கையால் அளைந்தேன்.
எல்லாக் கொட்டைக்கும் ஒரே முகம்.

ஈரத்துணியால் நம்பரைத் துடைத்தேன்.
மறுநாள் இரண்டாவது பாட்டில் வைத்தேன்,
எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறவர்களுக்காக.
மூன்று விழும். ஐந்து விழும்.
ஒருநாள் உள்ளே ஓர் எறும்பு மட்டும்.

ஆடியில் ஒரு சாயங்காலம் எழுதியிருந்தேன்:
கோட்டைவாசல் தாண்டினால் மழை.
இங்கே அதன் வாசனை மட்டும்.

புனலூர் பிளைவுட் வண்டி. எஞ்சின் அணைந்தது.
பாப்பச்சன் என்று பேர், பிறகுதான் தெரியும்.
பஸ் போர்டு பார்த்துப் பழகிய தமிழ்;
விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாய்ப் போனார்.
'மழை'யில் நின்றார்.
ழகரத்துக்கு முன்னால் இருந்த கொம்பை
கட்டைவிரலால் அழித்தார்.
"அவிடெ மழ, சேச்சி. இது வேண்டா."
பின் டயருக்குக் காற்றும் பார்த்துக்கொண்டு
மலைக்குள் ஏறிப் போனார்.

ம-வுக்கும் ழ-வுக்கும் நடுவே
ஓர் இடைவெளி.
ஒரு சாவடி வைக்கலாம்.

அதை அப்படியே விட்டுவிட்டு
அதன் கீழே வெங்காய விலை எழுதினேன்.

மறுநாள் காலையிலிருந்து
வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து,
இறங்கி வந்து சொல்கிறார்கள்:
"யம்மா, கொம்பு விட்டுப்போச்சு."
ஓர் ஆசிரியர் என் சாக்பீஸை வாங்கித்
தானே போட்டுவிட்டுப் போனார்.
போகும்போது இரண்டு டியூபும் ஒட்டிக்கொண்டார்.

ராத்திரி எண்ணினேன்.
இரண்டாவது பாட்டிலில் பதினொன்று.

எச்சில் தொட்டு
கொம்பை அழித்துவிட்டுப் படுத்தேன்.